தாயாருடன் நயினைக்கு

கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தும், எழுபத்தெட்டு வயது வரை படகில் ஏறாமலே ஒருவர் இருந்துவிடலாம் என்றால் நேயர்களுட் சிலர் நம்பமாட்டீர்கள். என் தாயார் அவ்வாறு இருந்தவர். வலிகாமத்துச் செம்மண்ணும் கிணறும் புகையிலைத் தோட்டமுமே அவருடைய உலகம். நயினாதீவு சென்று நாகபூஷணி அம்மனைத் தரிசித்தல் வேண்டும் என்ற விருப்பம் மட்டும் நெடுங்காலமாக இருந்தது. ஆயினும் நாள் குறித்தால் ஏதேனும் ஒரு தடை சொல்வார்.

கடலச்சமே அதற்குக் காரணம் என நான் எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணுதற்கு நியாயமும் உண்டு. 1985 மே 15-ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிற் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அச்செய்தியைக் கேட்டு நடுங்கிய தலைமுறை அவருடையது. ஆதலின், இக்காலத்துப் பயணம் எத்தகையது என்பதை வகுப்பறையிற் போல விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “கடலுக்குப் பயமில்லைத் தம்பி. ஏறேக்கை நாலு பேர் பாக்க என்னைத் தூக்குவாங்கள். அதுதான் வெக்கம்” என்றார். பல்லாண்டு கற்பித்த நான், கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாதிருந்துவிட்டேன்.

ஆகவே, முதியோரை அழைத்துச் செல்ல விரும்பும் அன்பர்கள் முதலிற் கருத வேண்டியது, கரைக்கும் படகுக்கும் இடையே உள்ள அந்த ஓரடி இடைவெளியையே. அலையோடு படகு ஏறி இறங்கும். அது துறையின் மட்டத்துக்கு உயர்ந்து வரும் கணத்திற் காலை வைத்தல் வேண்டும். ஒருவர் முன்னரே படகில் நிற்க, மற்றொருவர் பின்னால் நிற்பது நன்று. நாம் அவர் கையைப் பிடித்து இழுத்தலாகாது. அவர் நம் முன்கையைப் பற்றிக்கொள்ள விடல் வேண்டும். இழுக்கப்படுபவர் நிலை தடுமாறுவர். தாமே பற்றுபவர் தம் காலை நம்புவர். இதனை எங்கள் வீட்டு விறாந்தைப் படியில் இரண்டு நாள் பழகிப் பார்த்தோம். அயலவர் சிரித்தனர். சிரிக்கட்டும்.

அடுத்தது காலம். ஆனி மாதத் திருவிழாவிற் சனநெருக்கம் மிகுதி. சோளகக் காற்றும் அப்பொழுது வலுத்திருக்கும். கிரேக்க நாட்டுத் தீவுகளிடையே ஓடும் கப்பல்களையும் கோடையில் மெல்தேமி என்னும் வடகாற்று சில வேளை துறையிலேயே நிறுத்திவிடுமாம். நாங்கள் பங்குனியில், கடல் அடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதிற் சென்றோம். பண்ணைப் பாலமும் வேலணையும் புங்குடுதீவும் தரைவழியே கழிந்தன. குறிகட்டுவானிலிருந்துதான் படகு, ஏறத்தாழ இருபது நிமிடம்.

தலைச்சுற்றும் குமட்டலும் ஏன் உண்டாகின்றன? உட்காதில் உள்ள உறுப்பு உடலின் அசைவை மூளைக்கு உணர்த்துகின்றது. மூடிய அறையில் இருப்பவரின் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கின்றது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் வரும் தொல்லை இது. எனவே தூரத்து அடிவானத்தை நோக்கியிருப்பது நன்று. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியே ஏற்ற இடம். வெறுவயிறும் கூடாது, நிறைவயிறும் கூடாது. உயிர்காப்பு அங்கியை அணியத் தாயார் சற்றே தயங்கினார். நான் முதலில் அணிந்ததும் அவரும் அணிந்துகொண்டார்.

தரிசனம் முடிந்தபின், அக்கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆணை, யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு என்கின்றது. ஏனைய வணிகக் கலங்களானால் பாதிக்குப் பாதி. “ஆனைக்குக் காற்பங்கெண்டால் எனக்கு எவ்வளவு?” என்று கேட்டுச் சிரித்தார் தாயார்.

திரும்பி வந்து குறிகட்டுவானில் இறங்கியபொழுது, என் முன்கையை அவர் தொட்டாரேயன்றிப் பற்றவில்லை. பக்கத்திற் கட்டியிருந்த மற்றொரு படகைக் காட்டி, அது எங்கே போவது என்று வினவினார். நெடுந்தீவுக்கு, ஒரு மணி நேரம் செல்லும் என்றேன்.

“அதுக்கும் இதே அடிதானோ?” என்றார்.