கடல் தாண்டும் நெட்டலைகள்: அமெச்சூர் வானொலியில் தாழ் அதிர்வெண் சோதனைகள்

30 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலைகள் தாழ் அதிர்வெண் அலைகள் எனப்படும். அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோ) ஆர்வலர்கள் சிலர் இவ்வலைகளைக் கொண்டு கடல் கடந்து குறிகளை அனுப்பிவருகின்றனர். இவர்களிடம் பெரிய நிலையமோ மிகுந்த மின்திறனோ இல்லை. குறியை மிக மெதுவாக அனுப்புவதே இவர்கள் கையாளும் வழி. இவற்றினும் தாழ்ந்த அலைகளை அனுப்பும் நிலையம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உள்ளது.

வரலாறு

1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்து நிலையம் அனுப்பிய மூன்று புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அலை நீளமானதாக இருந்தால்தான் நெடுந்தொலைவு செல்லும் என்று அக்காலத்தில் நம்பினர். 1912-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் ஒதுக்கியது. பயனற்றவை எனக் கருதப்பட்ட அந்தப் பகுதியை ஒட்டியே அவர்கள் கடலைத் தாண்டினர். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் குறிகள் ஸ்காட்லாந்தில் கேட்டன. 1923 நவம்பரில் அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே இருவழித் தொடர்பு கிடைத்தது.

நெட்டலைகள் கப்பற்படை, வணிக நிலையங்கள் ஆகியவற்றிடமே இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் 136 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அமெச்சூர்களுக்குத் திறந்தன. 2001-இல் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருவழித் தொடர்பு நிகழ்ந்தது. 2007-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. வெளிவீசும் திறன் 1 வாட்டுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை.

இடர்ப்பாடுகள்

136 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2,200 மீட்டர். கால் அலைநீள ஆண்டெனா அமைக்கவே 550 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் 10 அல்லது 20 மீட்டர் கம்பம்தான் நட முடியும். அதனுடன் பெரிய கம்பிச்சுருளை இணைத்து ஒத்திசைய வைத்தாலும், செலுத்தும் திறனில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. பல நூறு வாட் கொடுத்தாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே வெளியேறும். மறுமுனையில் மின்னல்கள் எழுப்பும் இரைச்சலும், எல்இடி விளக்கு, செல்பேசி சார்ஜர் போன்றவற்றின் இரைச்சலும் குறியை மூழ்கடிக்கின்றன.

மெதுவாக அனுப்புவதன் பயன்

குறி எவ்வளவு மெதுவாகச் செல்கிறதோ, அதற்குத் தேவையான பட்டையகலம் அவ்வளவு குறையும். பட்டையகலம் குறைந்தால் வாங்கிக்குள் நுழையும் இரைச்சலும் அதே விகிதத்தில் குறையும்.

கையால் அனுப்பும் மோர்ஸில் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.1 நொடி நீடிக்கும். அதை 3 நொடியாக நீட்டினால் வேகம் 30 மடங்கு குறையும். இரைச்சலும் 30-இல் ஒரு பங்காகும். புள்ளியை 60 நொடியாக நீட்டினால் இரைச்சல் 600-இல் ஒரு பங்காகும். அப்போது மார்க்கோனி கேட்ட அதே மூன்று புள்ளிகளை அனுப்ப 5 நிமிடம் ஆகும். காதுக்கு எதுவும் கேட்காது. கணினித் திரையில் மெல்லிய கோடுகளாக மட்டுமே குறி தெரியும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோசப் டெய்லர் 2008-இல் வெளியிட்ட 'விஸ்பர்' மென்பொருளும் இவ்வாறே, ஒரு சிறு செய்தியை ஏறத்தாழ 2 நிமிடம் நீட்டி அனுப்புகிறது.

தமிழ்நாட்டு நிலையம்

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990 முதல் இயங்குகிறது. கடல்நீருக்குள் ஓரளவு ஊடுருவும் மிகத் தாழ் அதிர்வெண் அலைகள் மூலம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இது செய்தி அனுப்புகிறது. இந்நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் குறியை ஆய்வாளர்கள் வி.டி.எக்ஸ். என்று குறிப்பிடுவர். அதன் அலைநீளம் சுமார் 16.5 கிலோமீட்டர், சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்லும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே.

இவ்வலைகள் தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே, குழாய்க்குள் செல்வதுபோல் வழிநடத்தப்படுகின்றன. இக்குறியை, இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் சுமார் 10,000 கிலோமீட்டர் தொலைவில் அண்டார்க்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி நிலையத்திலும் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

மாணவர் செய்யக்கூடியது

கிள்ளை அந்நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டரில் உள்ளது. மரச்சட்டத்தில் பல சுற்றுகளாகச் சுற்றிய கம்பி, ஒரு சிறு பெருக்கி, கணினியின் ஒலி அட்டை ஆகியவை இக்குறியின் வலிமையை அளக்கப் போதுமானவை. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் ஒலி அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும் என்பதால் 18.2 அதற்குள் அடங்கும். செய்தி மறைகுறியில் இருப்பதால் அதைப் படிக்க இயலாது. வலிமையின் ஏற்ற இறக்கமே ஆய்வுப் பொருள். கதிரவன் எழும்போதும் மறையும்போதும் அது மாறும். பகலில் சூரியப் பெருவெடிப்பு நிகழ்ந்தால் திடீரென மாறும். மின்கம்பிகளிலிருந்து விலகிய திறந்தவெளியில் அளவீடு தெளிவாக அமையும். நாள், நேரம், இடிமழை ஆகியவற்றையும் குறித்துவைத்தால் பிற ஊர்ப் பதிவுகளுடன் ஒப்பிடலாம்.

அலைபரப்புவதற்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் தேர்வில் தேறியவர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை அமெச்சூர் உரிமம் வழங்குகிறது. எந்தப் பட்டையில், எவ்வளவு திறனில் அனுப்பலாம் என்பதை உரிம விதிகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.