பழைய சட்டை சொல்லும் செய்தி

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது வீட்டைத் துப்புரவு செய்வதும், அலுமாரியில் அடைந்துகிடக்கும் துணிமணிகளை வெளியே எடுத்துக் காற்றாட வைப்பதும் பல குடும்பங்களிலே தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கமாகும். அப்படியான ஒரு காலைப்பொழுதில், அலுமாரியின் அடித்தட்டிலே மடித்தபடி கிடந்த சட்டையொன்று வீட்டுக்காரரின் கையில் அகப்படுகின்றது எனக் கொள்ளலாம். மூத்த பிள்ளைக்கு ஏடு தொடக்கிய நாளில் அணிவதற்கென்று தைப்பித்த சட்டை அது. பிள்ளை வளர்ந்ததோடு தகப்பனாரின் வயிறும் வளர்ந்தமையால், நடுத் தெறிகள் இரண்டும் பூட்ட மறுத்து, சட்டை அடித்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று விளையாட்டாக அதைப் போட்டுப் பார்க்கிறார். தெறிகள் யாவும் தடையின்றிப் பூட்டுப்படுகின்றன. உடனே மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு, முன்னும் பின்னும் திரும்பி நின்று காட்டுகிறார். கழிந்துபோன வயதிற் பத்து ஆண்டுகளை யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டது போன்ற பூரிப்பு அவர் முகத்திலே தோன்றுகின்றது.

இந்தப் பூரிப்பை எள்ளி நகையாடுதல் முறையன்று. நிறை பார்க்கும் தராசு ஓர் இலக்கத்தை மாத்திரமே காட்டும். அவ்விலக்கம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்கும். அரை லீற்றர் தண்ணீர் குடித்தால் அரைக் கிலோகிராம் ஏறிவிடும். சட்டையோ அவ்வாறன்று. அது குறித்த ஒரு நாளிலே, குறித்த ஓர் உடம்பை நாடாவினால் அளந்து, அந்த அளவைத் துணியிலே எழுதிவைத்த பத்திரம் போன்றது. பதினைந்து ஆண்டுகள் சென்ற பின்னரும் அந்த அளவு மாறுவதில்லை. ஆகையால் அதன் சாட்சியத்தை மனம் எளிதில் ஏற்றுக்கொள்கின்றது.

ஆனால் எல்லா உடைகளும் இவ்வாறு சாட்சி சொல்வனவல்ல. வேட்டியும் சேலையும் தைக்கப்படாத உடைகள். ஆதலின் அவை மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஒரே வகையாக இடங்கொடுக்கின்றன. பத்துக் கிலோகிராம் கூடினாலும் குறைந்தாலும் வேட்டி ஒன்றும் பேசாது. சேலை மட்டும் சிறிது பேசும், கவனிப்பவர்க்கு. இடுப்பு பத்துச் சதமமீற்றர் குறைந்தால், ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றும் சேலையில் இருபது சதமமீற்றர் துணி மிஞ்சும்; அது கொய்யகத்திலே ஒரு மடிப்பாக வந்து சேரும். வழக்கமாக ஆறு மடிப்பு வைப்பவர் ஏழு வைக்கிறார் என்றால், அவருக்குத் தராசு வேண்டியதில்லை. எனினும் இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. சேலையோடு அணியும் சட்டை இறுகும்போதுதான் பெரும்பாலோர் விழித்துக்கொள்கின்றனர்.

அந்தச் சட்டையைத் தைப்பதிலே பழைய தையற்காரர்கள் கையாண்ட ஒரு முறை பாராட்டத்தக்கது. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை வெட்டாமல் மடித்துவிட்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு மூன்று வரித் தையல் போட்டுவைப்பார்கள். உடம்பு பருத்தால் உள்வரியைப் பிரித்துவிடலாம். மெலிந்தால் மறுபடியும் ஒரு வரி பிடித்துக்கொள்ளலாம். ஆண்களின் நீளக் காற்சட்டையில் இந்த உபரித் துணி பின்புறத்து நடுத் தையலிலே இருக்கும். மனித உடம்பு ஒரே அளவில் நிற்பதில்லை என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. 1977 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலே ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அக்காலந்தொட்டு ஆயத்த ஆடைகளும் பட்டிதொட்டியெங்கும் பரவின. அவற்றிலே துணியைச் சிக்கனம் செய்யும் பொருட்டு உள்ளே விடும் துணி ஒரு சதமமீற்றர் அளவே இருக்கும். அத்தகைய உடை உடம்போடு சேர்ந்து வளரவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. அது போதாதென்று, கழுத்துப் பட்டியில் எழுதப்பட்ட இலக்கமும் நிலையானதன்று. ஒரு கடையில் நடுத்தர அளவு என்பது மற்றொரு கடையிற் பெரிய அளவாக இருக்கும். ஆகவே, இலக்கம் குறைந்துவிட்டது என்று மகிழ்வதைக் காட்டிலும் பழைய சட்டை பொருந்துகின்றது என்று மகிழ்வதே நியாயமானது.

உடை இவ்வாறு சாட்சி சொன்னதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்பவர் வாழ்ந்தார். பிரித்தானிய அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐந்தடி ஐந்து அங்குல உயரமுடைய அவர் 1862 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 202 இறாத்தல் நிறையுடையவராக இருந்தார். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப்படிகளில் முழங்காலுக்கு நோகாமல் இறங்குவதற்காகப் பின்புறமாகவே இறங்கிவந்தாராம். மெலியும் நோக்கத்தோடு நாள்தோறும் படகு வலித்துப் பார்த்தார். பசி கூடியதன்றி உடம்பு குறையவில்லை. பின்னர் காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் சென்றபோது, அவர் பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தும்படி கூறினார். ஓராண்டில் பாண்டிங் 46 இறாத்தல் குறைந்து 156 இறாத்தலானார். இடுப்பின் சுற்றளவு பன்னிரண்டேகால் அங்குலம் குறைந்தது.

இதிலே கவனிக்கத்தக்கது யாதெனில், அந்த அளவைக் கூறியபோது நண்பர்களும் நம்பவில்லை, வைத்தியரும் நம்பவில்லை. தாம் அணிந்திருந்த புதிய உடைக்கு மேலேயே தமது பழைய உடையை அணிந்து காட்டிய பின்னர்தான் அவர்கள் நம்பினர் என்று 1863 இல் வெளியிட்ட சிறுநூலிலே அவர் எழுதியுள்ளார். அந்நூல் பெற்ற வரவேற்பினால் அவருடைய பெயரே ஆங்கிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவீடன் மொழியில் இன்றும் அப்பெயரிலிருந்து பிறந்த சொல்லே வழங்குகின்றது. நாளொன்றுக்குப் பல கிண்ணம் திராட்சை மதுவும் அவருடைய உணவு முறையில் இடம்பெற்றிருந்தது. அதனை எவரும் பின்பற்றவேண்டியதில்லை.

பாண்டிங் மெலிய விரும்பினார், முயன்றார், மெலிந்தார். எனவே அவருடைய உடை சொன்ன செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. இப்பொழுது, முன்னர்க் கூறிய வீட்டுக்காரரிடம் திரும்பிச் செல்லலாம். அவர் மெலிவதற்கு என்ன செய்தார்? காலையில் நடந்தாரா? இரவுச் சோற்றை நிறுத்திப் பழங்களோடு அமைந்தாரா? தேநீருக்குச் சீனி போடுவதை விட்டாரா? இவற்றுள் எதனையும் அவர் செய்யவில்லை. வழக்கத்திலும் சற்று அதிகமாகவே உண்கிறார். ஆனால் இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார். படுக்கையருகே தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொள்கிறார். மாலையிற் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன என்கிறார். வெயிற்காலமல்லவா என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்கின்றனர். சட்டை பொருந்தியது உண்மை. அது ஏன் பொருந்தியது என்பதைச் சட்டை சொல்லவில்லை.

நீரிழிவிலே உண்ட உணவின் சீனி இரத்தத்தில் நிறைந்து நின்றும், இன்சுலின் போதாமையால் உடலின் கலங்களுக்குள் சென்று பயன்படுவதில்லை. சிறுநீரகம் மிகுதிச் சீனியை நீரோடு சேர்த்து வெளியேற்றுகின்றது. உடம்போ பட்டினி கிடப்பது போலத் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கின்றது. நிறைந்த களஞ்சியத்தின் திறப்புத் தொலைந்துபோனமையால் வீட்டார் பட்டினி கிடப்பதை இதற்கு ஒப்பிடலாம். கசநோயிலும், தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரக்கும்போதும், சிலவகைப் புற்றுநோய்களிலும், முதியோரைப் பற்றும் மனச்சோர்விலும் இவ்வாறே முயலாமல் நிறை குறைவதுண்டு. ஆறு மாதம் தொடக்கம் ஓராண்டுக்குள், முயற்சியின்றி, இருந்த நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் வைத்தியரை அணுகவேண்டும் என்பது மருத்துவர் கொள்ளும் பொதுவான கணக்கு. எழுபது கிலோகிராம் நிறையுடையவருக்கு இது மூன்றரைக் கிலோகிராம் ஆகும். அதாவது, காற்சட்டையின் இடைவாரிலே ஒரு துளை உள்ளே போகும் அளவு. இரத்தத்திலுள்ள சீனியைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். சிகிச்சை தொடங்கிய பின்னர் அந்த வீட்டுக்காரரின் நிறை சிறிது கூடவும் கூடும். அப்பொழுது அச்சட்டை மறுபடியும் சற்று இறுகினால், அவர் வருந்தவேண்டியதில்லை. அவருடைய மனைவி மகிழவும் செய்யலாம்.

முயன்று மெலிந்தவர்களும் சட்டையின் எல்லாப் பகுதிகளையும் கவனித்தல் நன்று. வயிற்றின் குறுக்கே உள்ள தெறிகள் கொழுப்பைப் பற்றிச் சொல்வன. தோளும் மேற்கையும் தசையைப் பற்றிச் சொல்வன. இடுப்புப் பொருந்தித் தோள் மடிந்து தொங்குமாயின், கொழுப்போடு தசையும் போயிற்று என்று ஊகிக்கலாம். உணவை மட்டும் ஒறுத்து உடலுழைப்பின்றி இருப்பவர்களுக்கும், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் இது நேருகின்றது. பருப்பு, பயறு, மீன், முட்டை என்பவற்றைக் குறைக்காமல், பாரம் தூக்கும் வேலையும் ஓரளவு செய்துவந்தால் தசை நிற்கும். மாறாகத் தோள் பொருந்தி வயிறு மட்டும் இன்னும் இறுகுமாயின், குறையவேண்டிய இடம் குறையவில்லை. தென்னாசிய மக்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களாயின் 90 சதமமீற்றருக்கும், பெண்களாயின் 80 சதமமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005 இல் வகுத்தது. தையற்காரரின் நாடாவே இதற்குப் போதும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பவர் தம்மையே ஏமாற்றுகிறார்.

குறைந்த கொழுப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், வியர்வையிற் போயிற்று என்பார் பலர். அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2014 இல் கணக்கிட்டுக் காட்டியபடி, பத்துக் கிலோகிராம் கொழுப்புக் கரைந்தால் அதில் 8.4 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக மூச்சோடு வெளியேறுகின்றது, எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராகின்றது. ஆனால் அக்கொழுப்பைத் தாங்கியிருந்த கலங்கள் சுருங்குகின்றனவேயன்றி மறைந்துவிடுவதில்லை. வெறுமையான சாக்குகள் போல அவை காத்திருக்கின்றன. உடம்பும் நிறை குறைவதைப் பஞ்சம் என்றே எண்ணிப் பசியைக் கூட்டுகின்றது. சக்திச் செலவைக் குறைக்கின்றது. ஆகையினால், பழைய சட்டை பொருந்திய களிப்பிலே பெரிய சட்டைகளையெல்லாம் அன்றே வெட்டிச் சிறிதாக்குவது அவசரமாகும். தையலைப் பிடிக்கலாம், துணியை வெட்டலாகாது. ஓராண்டு கழிந்தும் நிறை அப்படியே நின்றால், பெரியனவற்றைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம், கிழிந்தவற்றையல்ல, நல்லனவற்றை.

எடுத்துப் பார்ப்பதற்குப் பழைய சட்டையே இல்லாத வீடுகளும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2004 டிசெம்பர் 26 இல் கிழக்குக் கரையிலே கடலுக்குத் தப்பியோடியவர்களும் அலுமாரியைத் திறந்து நிற்கவில்லை. அத்தகைய வீடுகளிலே உறவினரின் றங்குப்பெட்டியிலிருந்து ஒரு கலியாணச் சேலை திரும்பி வந்தால், அது பொருந்துகின்றதா என்று எவரும் கேட்பதில்லை.

இறுதியாகத் துணியைப் பற்றிச் சில சொற்கள். உடம்பு காத்திருந்த காலத்திலே துணியும் முதுமை அடைந்திருக்கும். பட்டும் கம்பளியும் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவு. பருத்தித் துணியிலே கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடிவரும். எனவே நெடுங்காலம் வைப்பதற்கான துணியைக் கஞ்சி போடாமலே மடிக்கவேண்டும். சரிகைச் சேலை ஒரே மடிப்பிற் கிடந்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்; ஆண்டுக்கு இரண்டு தடவையேனும் பிரித்து, மடிப்பை மாற்றிவைத்தல் வேண்டும். வெயிலிற் போடாமல் நிழலிலே காற்றாட விடுவதே பட்டுக்கு ஏற்றது. நப்தலீன் உருண்டை போட்டுவைத்த துணிகளை நன்கு காற்றாட விட்டுத் துவைக்காமல் குழந்தைகளுக்கு அருகே கொண்டுசெல்லலாகாது. ஜி-6-பீ-டி என்னும் நொதியக் குறைபாட்டோடு பிறந்த சிசுக்களுக்கு அந்த ஆவியே செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்க வல்லது.

மற்றும், துணி கெடாதிருந்தாலும் தெறி தைத்த நூல் உக்கிப்போயிருக்கும். அடித்தட்டிலிருந்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டு முன்னர், ஒவ்வொரு தெறியையும் ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.