ஊருக்குள்ளேயே ஒரு சுகாதார ஊழியர்

(வானொலி உரை)



மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்புகிறோம். நெல்லில் புகையான் விழுந்தால் வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஓடுகிறோம். ஆனால் வீட்டில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "பல் முளைக்குது, அதான். தண்ணி கொடுக்காதே, இன்னும் போகும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாடுகிற பயிருக்கு யாராவது தண்ணீரை நிறுத்துவார்களா? வயிற்றுப்போக்கில் குழந்தை உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அதை ஈடுகட்டாவிட்டால் ஒரே நாளில்கூட உயிர் போய்விடும். இதை அந்த நேரத்தில் நம் வீட்டு வாசலில் வந்து சொல்ல ஒருவர் வேண்டும். டாக்டர் பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறார். அடுத்த தெருவில் இருப்பவர் யார்? அவரைத் தயார் செய்வது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஜாம்கெட் காட்டிய வழி

மகாராஷ்டிரத்தில் ஜாம்கெட் என்று ஓர் ஊர். மழை குறைந்த வறட்சிப் பகுதி. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதி 1970-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது மருந்து அல்ல, சோறும் தண்ணீரும்தான். ஆகவே ஆழ்துளைக் கிணறு போடுவதும், பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைப்பதும் வைத்தியத்தோடு சேர்ந்தே நடந்தன. விவசாயிகள் மன்றங்கள் அமைத்து இந்த வேலைகளில் இறங்கினார்கள்.

கிராமங்களுக்குப் படித்த செவிலியர்களை அனுப்பிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. வெளியூர்ப் பெண் தனியாக வந்து தங்குவதும் கஷ்டம். அவர் பேச்சை ஊர் கேட்பதும் கஷ்டம். பிறகு, "உங்கள் ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்" என்றார்கள். வந்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஆனால் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்தவர்கள்.

1971-ல் அந்தப் பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே இறந்தன. 1990-களின் நடுவில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1979-ல் அந்தத் தம்பதிக்கு மக்சேசே விருது கிடைத்தது.

பயிற்சி எப்படி?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதப் பாடத்தை ஒரே மூச்சில் தலையில் ஏற்றவில்லை. வாராவாரம் ஜாம்கெட்டுக்கு வருவார்கள். இரவு எல்லா சாதிப் பெண்களும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகவே தூங்குவார்கள். ஒரு சங்கதியைக் கற்று, ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். "ஊரார் என்ன சொன்னார்கள், எங்கே தடங்கல் வந்தது" என்று அடுத்த வாரம் வந்து பேசுவார்கள். பாட்டு, நாடகம், படங்கள் மூலம் பாடம் நடக்கும்.

உங்களுக்கு இது புதிதல்ல. எங்களைப் போன்றவர்கள் ஆயிரம் சொன்னாலும், பக்கத்து வயல்காரர் செய்து காட்டினால்தானே நம்புகிறீர்கள்? முன்னோடி விவசாயி மாதிரிதான் இவரும். 2005-ல் மத்திய அரசு ஆஷா திட்டம் கொண்டு வந்தபோது, அதே ஊரில் வசிக்கும் 25 முதல் 45 வயதுப் பெண்ணையே எடுக்கச் சொன்னது. முதல் பயிற்சி 23 நாள். அதுவும் பகுதி பகுதியாக.

அவர் அறிந்திருக்க வேண்டியவை

1. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

2. பிறந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சேனை, சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். உடனே குளிப்பாட்டாமல், துடைத்து, தாயின் மார்போடு அணைத்துச் சூடாக வைக்க வேண்டும். எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் கூடுதல் கவனம் தேவை.

3. எப்போது தன்னால் ஆகாது என்று தெரிந்திருப்பது. கண் குழிவிழுந்து, குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஊசி போடுகிறவர் அல்ல சுகாதார ஊழியர். நாமும் அவரிடம் ஊசி கேட்டு நச்சரிக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

நம் மாநிலத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஊழியர்கள் வருகிறார்கள். ஆள் வந்தால் மட்டும் போதாது. அவருக்குப் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். ஒருமுறை கற்றதோடு விட்டால், விதை நெல்லை மாற்றாமல் வருஷக் கணக்கில் விதைத்த கதைதான், தரம் இறங்கிவிடும்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: "நம்ம ஊருக்குச் சுகாதார ஊழியர் யார்? கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார்? அவர் கையில் எடை பார்க்கும் தராசும் கரைசல் பொட்டலமும் இருக்கா?" புதிதாக ஆள் எடுப்பதாக இருந்தால், சாதி பார்க்காதீர்கள், செல்வாக்குப் பார்க்காதீர்கள். எல்லா வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடியவரா என்று மட்டும் பாருங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார வைத்து, சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நல்ல விதையைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்த நமக்கு, நல்ல ஆளையும் பொறுக்கி எடுக்கத் தெரியாதா என்ன?