தம்புள்ளை மைதானமும் அணித்தலைவரின் பொறுப்பும்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்திலே, குடைவரைக் கோயில்களால் பெயர்பெற்ற தம்புள்ளை மலையும் அதனருகே விரிந்துகிடக்கும் வாவியும் கண்ணுக்குப் புலப்படுமிடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் உண்டு. விகாரைக்குரிய காணியைக் குத்தகைக்குப் பெற்று அமைத்தமையால் அதற்கு ரங்கிரி தம்புள்ளை சர்வதேச விளையாட்டரங்கு என்று பெயராயிற்று. தென்மேற்கு மழை கொழும்பையும் கண்டியையும் நனைத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் வரண்ட வலயத்தில் ஆட்டம் நடைபெறலாம் என்பதே இவ்விடத்தைத் தெரிந்தமைக்கு முக்கிய காரணம். 2001 மார்ச் 23ஆம் திகதி இலங்கையும் இங்கிலாந்தும் அங்கு முதலாவது ஒருநாள் போட்டியில் ஆடின.

அம்மைதானத்தின் வாயிலில் 2017 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு நடந்த ஒரு சம்பவம் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. இந்திய அணியிடம் ஒன்பது விக்கெட்டுகளால் தோல்வியுற்று வெளியேறிய இலங்கை அணியினரின் பஸ்வண்டியை ஏறக்குறைய ஐம்பது இரசிகர்கள் வழிமறித்துக் கூச்சலிட்டனர். பொலிஸார் தலையிட்டு வழியை விலக்கிக் கொடுக்கும்வரை வண்டி அசையவில்லை. அவ்விரவு வண்டிக்குள் இருந்தவர்களுள் அணித்தலைவர் உபுல் தரங்கவும் ஒருவர். அவர் ஒருநாள் அணியின் முழுநேரத் தலைமையை ஏற்று அப்பொழுது இரண்டு மாதங்கூட நிறையவில்லை.

இரசிகரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. அன்று நாணயச் சுழற்சியில் வென்ற இந்தியத் தலைவர் விராட் கோலி, இலங்கையை முதலில் துடுப்பெடுத்தாடப் பணித்தார். ஒரு விக்கெட்டை மாத்திரம் இழந்து 139 ஓட்டங்கள் பெற்றிருந்த இலங்கை அணி, எஞ்சிய ஒன்பது விக்கெட்டுகளையும் 77 ஓட்டங்களுக்குள் பறிகொடுத்து 216 ஓட்டங்களோடு சுருண்டது. நிரோஷன் டிக்வெல்ல பெற்ற 64 ஓட்டங்களே அதில் மிகுதியானவை. பின்னர் ஷிகர் தவான் ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்களையும் கோலி 82 ஓட்டங்களையும் பெற்றனர். 29ஆவது ஓவர் முடியுமுன்னரே ஆட்டம் முடிந்துவிட்டது.

இனி, தேநீர்க் கடைகளில் எழுந்த வாதங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மரக்கறி வியாபாரிகளும் லொறிச் சாரதிகளும் இரவெல்லாம் விழித்திருக்கும் தம்புள்ளைச் சந்தையாயினும், மாத்தளை நகரக் கடைகளாயினும், இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்களாயினும், தோல்விக்கு மறுநாட் காலையில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: தலைவரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? அதற்கு விடைகாண வேண்டுமானால் தலைவர் கையில் எது உண்டு, எது இல்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் இவ்வினா சற்று இலேசானது. அங்கே முகாமையாளர் என்பவர் ஆடுவதில்லை. ஓரத்து இருக்கையிலிருந்தபடியே எப்பொழுது பந்தெறிபவரை மாற்றுவது, யாரை அடிக்க அனுப்புவது என்பவற்றைத் தீர்மானிக்கிறார். வெளியே அழைக்கப்பட்ட வீரர் அந்த ஆட்டத்தில் மீண்டும் களம்புக முடியாது. ஆதலால் அவருடைய ஒவ்வொரு முடிவும் வெட்டவெளிச்சமாய்த் தெரியும். கிரிக்கெட்டிலோ தலைவர் வெயிலில் நின்று தாமே களத்தடுத்துக்கொண்டு, அடுத்த ஓவர் யாருக்கு என்பதைச் சில விநாடிகளில் முடிவுசெய்ய வேண்டியவர். தம் துடுப்பினாலும் ஓட்டம் சேர்க்க வேண்டும். அணியைத் தெரிவுசெய்வது தெரிவுக் குழுவின் பொறுப்பு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி அத்தெரிவுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும். ஆகவே, தமக்குக் கொடுக்கப்பட்ட பதினொருவரைக் கொண்டு ஆடுபவரே தலைவர். அப்பதினொருவரையும் பொறுக்கியெடுத்தவர் அவரல்லர்.

தம்புள்ளையில் தரங்க தீர்மானித்தவை எவை? நாணயச் சுழற்சி அவருடையதன்று. நடுவரிசை வீரர்கள் அவசரப்பட்டுத் தம் விக்கெட்டுகளை இழந்ததை அவர் தடுத்திருக்க முடியாது. அவரும் சொற்ப ஓட்டங்களோடு வெளியேறியவரே என்பது உண்மை. ஆனால் 216 ஓட்டங்களைக் காக்கும் வேளையில் அவருக்கு ஒரு தெரிவு இருந்தது. முதற் பத்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர் மாத்திரமே நிற்கலாம். அடுத்த முப்பது ஓவர்களில் நால்வர் நிற்கலாம். விக்கெட் வீழ்த்த வேண்டி ஆட்களைத் துடுப்பாளருக்கு அண்மையில் நிறுத்தினால் எல்லைக்கோட்டின் பக்கம் திறந்துகிடக்கும். எல்லையைக் காக்க ஆட்களைப் பின்வாங்கினால் ஒவ்வோர் ஓட்டமாய் எளிதிற் சேர்ந்துவிடும். சிறிய தொகையை வைத்துக்கொண்டு காவல்மட்டும் செய்து வெல்வது அரிது என்று வாதித்தோர் சொன்னது நியாயமே. எனினும் தவானும் கோலியும் அன்று ஆடிய விதத்துக்கு எந்த வியூகம் ஈடுகொடுத்திருக்கும் என்று கேட்டால், அதற்கு அவர்களும் எளிதில் விடை சொல்லார்.

நான்கு நாட்கள் கழித்துக் கண்டியை அடுத்த பல்லேகலையில் நடந்த ஆட்டம் இவ்விவாதத்துக்கு இன்னும் நல்ல உதாரணம். இலங்கை 236 ஓட்டங்கள் பெற்றது. மழையினால் இந்தியாவின் இலக்கு 47 ஓவர்களில் 231 என்றாயிற்று. விக்கெட் இழப்பின்றி 109 ஓட்டங்கள் பெற்றிருந்த இந்தியா, அகில தனஞ்சயவின் சுழற்பந்தில் மயங்கி 131க்கு ஏழு விக்கெட்டுகளை இழந்தது. அவ்வேழில் ஆறு அவருக்கே. ஆனால் ஒருவர் பத்து ஓவர்களுக்கு மேல் வீசலாகாது. வெற்றி தரும் பந்துவீச்சாளரை இடைவிடாமல் வீசச்செய்து கதையை முடிக்க முயல்வதா? அல்லது கடைசிக்கென இரண்டு ஓவர்களை மிச்சம் வைப்பதா? முயற்சி பலித்தால் துணிவு என்பர். பலியாவிடில் பதற்றம் என்பர். மிச்சம் வைத்தாலும் இதே கதை: முன்னது விவேகமாகும், பின்னது கோழைத்தனமாகும். அன்று தோனியும் புவனேஸ்வர் குமாரும் பிரியாமல் 100 ஓட்டங்கள் சேர்த்து இந்தியாவை வெல்லச் செய்தனர்.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம்மவர்க்குப் புதிதன்று. முடிவு ஒன்றை எடுத்தபொழுது கையிலிருந்த அறிவைக்கொண்டு அதை மதிப்பிடாமல், பின்னர் விழுந்த பழத்தைக்கொண்டு மதிப்பிடுவதே இரசிகர் வாதங்களிற் பெரும்பாலும் நேரும் பிசகு. 1996 மார்ச் 17இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைவுகூரலாம். அதற்கு முன்னைய ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. அர்ஜுன ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் ஒஸ்திரேலியாவை ஆட அழைத்தார். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளையும் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெறவே, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அரவிந்த அன்று பத்து ஓட்டங்களில் வெளியேறியிருந்தால், அதே முடிவு இந்நாட்டின் தேநீர்க் கடைகளில் எப்பெயர் பெற்றிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்த ரணதுங்கவும் 1999 உலகக் கிண்ணத்தில் அணி தோற்றுத் திரும்பியதும் தலைமைப் பதவியை இழந்தார்.

தரங்கவுக்குக் களத்துக்கு அப்பாற்பட்ட ஒரு தண்டனையும் காத்திருந்தது. பல்லேகலை ஆட்டத்தில் உரிய நேரத்தில் அவரது அணி மூன்று ஓவர்கள் குறைவாக வீசியது. அந்நாளைய விதிப்படி அக்குற்றம் தலைவரையே சாரும். அவர் இரண்டு போட்டிகளில் ஆடத் தடைவிதிக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்திலும் இதே குற்றத்துக்காக அவர் இரண்டு போட்டிகளை இழந்திருந்தார். பந்துக்குப் பந்து வியூகத்தை மாற்றிப் பந்துவீச்சாளருடன் கலந்து பேசும் தலைவருக்கே இத்தண்டனை நேரும் என்பது விந்தை. பதினொருவர் செய்த தாமதத்துக்கு ஒருவரை வெளியேற்றும் அவ்விதியைச் சர்வதேச கிரிக்கெட் சபை 2019இல் கைவிட்டது.

அவருக்குப் பதிலாகத் தலைமைதாங்கிய சாமர கப்புகெதர ஓர் ஆட்டத்தோடு காயமுற்றார்; அடுத்த ஆட்டத்தில் லசித் மாலிங்க பொறுப்பேற்றார். ஓகஸ்ட் 27இல், பல்லேகலையில் இந்தியாவுக்கு எட்டு ஓட்டங்களே தேவையாயிருந்த வேளையில், பார்வையாளர் மைதானத்துள் போத்தல்களை வீசியமையால் ஆட்டம் அரைமணிக்கு மேல் நின்றது. சில தினங்களுள் சனத் ஜயசூரியவின் தலைமையிலான தெரிவுக் குழுவினர் பதவி விலகுவதாக அறிவித்தனர். முன்னாள் தலைவர் குமார் சங்கக்கார, தோல்விக் காலத்திலேதான் இரசிகரின் ஆதரவு வேண்டும் என்று மன்றாடியிருந்தார்.

கோபத்தின் அடியில் ஓர் அச்சமும் இருந்தது. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி தரவரிசையில் முதல் எட்டு இடங்களுள் இருக்கும் அணிகளே 2019 உலகக் கிண்ணத்துக்கு நேரடியாகத் தகுதிபெறும் என்பது ஏற்பாடு. அவ்விடத்தை உறுதிசெய்ய இலங்கைக்கு இத்தொடரில் இரண்டு வெற்றிகள் தேவைப்பட்டன. ஐந்திலும் தோல்வியே கிடைத்தது. ஈற்றில் இங்கிலாந்திடம் மேற்கிந்தியத் தீவுகள் அணி தோற்றமையால்தான் இலங்கையின் இடம் உறுதியாயிற்று.

தலைவரை மாற்றினால் வெற்றி வருமா என்ற வினாவுக்கு அவ்வாண்டின் எஞ்சிய மாதங்கள் வேடிக்கையான சாட்சியங்களைத் தந்தன. தினேஷ் சந்திமாலின் தலைமையில் டெஸ்ட் அணி ஐக்கிய அரபு இராச்சியத்தில் பாகிஸ்தானை 2-0 என்று வென்றது. அதே பயணத்தில் தரங்கவின் ஒருநாள் அணி 0-5 என்று தோற்றது. டிசெம்பரில் திசர பெரேரா ஒருநாள் தலைவரானார். சிம்பாப்வேயிடம் தொடரை இழந்து ஜூலையில் விலகிய அஞ்சலோ மெத்தியூஸையும் சேர்த்தால், அந்த ஓராண்டில் ஐவர் இலங்கையின் ஒருநாள் அணியைத் தலைமைதாங்கினர். 2018 ஜனவரியில் மெத்தியூஸ் மீண்டும் அழைக்கப்பட்டார். செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் அணி தோற்றபின் அவர் நீக்கப்பட்டார். எல்லாப் பழியும் தம் ஒருவர் தலையிலேயே சுமத்தப்பட்டது என்று அவர் கிரிக்கெட் நிறுவனத்துக்கு எழுதினார். அடுத்த மாதம் ஒருநாள் அணி தம்புள்ளைக்கு வந்தபொழுது தலைவராக நின்றவர் சந்திமால். ஒக்டோபர் 13ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிராக மாலிங்க ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியும், மழை குறுக்கிட்ட அவ்வாட்டத்தில் இலங்கை 31 ஓட்டங்களால் தோற்றது.