வினா எழுப்பும் துணை

தலைமைப் பொறுப்பில் இருப்போர்க்கு ஆணையிடுதல் எளிது; தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் அரிது. அவ்வாறு வினவிக்கொள்ளத் துணைநிற்கும் முறையை இன்றைய மேலாண்மை உலகம் 'கோச்சிங்' என்கிறது. நாம் ஆற்றுப்படுத்துதல் எனலாம். துணைவர் தக்க வினாவை எழுப்புவார். விடையைத் தலைவரே கண்டடைவார். தாமே கண்ட விடையாதலின் அதனைச் செயற்படுத்தும் உறுதியும் அவரிடம் பிறக்கிறது.

இதன் வேரினைப் புறநானூற்றில் காண்கிறோம். இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். நெய் பூசி, மாலை சூட்டி, காவல்மனையில் பொலிந்தன தொண்டைமானின் படைக்கலங்கள். பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன அதியமானின் படைக்கலங்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியதோடு அவர் அமைந்தார் (பாடல் 95). 'போரிடாதே' என ஒரு சொல்லும் கூறவில்லை. முடிவைக் கேட்போனிடமே விட்டார்.

கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் படையெடுத்துச் சென்றபோது, 'அவர் தோற்பின் நின் செல்வத்தை யார்க்கு விட்டுச் செல்வாய்?' என்னும் பொருள்பட வினவினார் புல்லாற்றூர் எயிற்றியனார் (பாடல் 213). வெற்றியின் பயனையே எண்ண வைக்கும் வினா அது.

தலைவரைச் சுற்றிப் புகழ்வோர் பெருகப் பெருக, மெய்யுரைப்போர் அருகுவர். இது கருதியே வள்ளுவரும் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். நாளை பள்ளியிலும் அலுவலகத்திலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! 'இப்பணி எதன்பொருட்டு?' எனக் கேட்கும் ஒருவரைத் துணையாகத் தேடிக்கொள்ளுங்கள். அவர்தம் வினா, அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி போல்வது. முன்னர்க் கசப்பினும் பின்னர் இனிக்கும்.