கவலைச் சரிவு கற்பிக்கும் கணக்கு

திண்டிவனம் பக்கத்தில் பாறையை உடைத்துத் தோண்டிய பழைய கிணறுகள் சிலவற்றின் கரையில், சால் இறைத்த காலத்துக் கற்றூண்களும் மாடு இறங்கிய சரிவும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மின்சாரப் பம்பு வந்த பின்பு அவற்றைக் கவனிப்பாரில்லை. ஆயினும், "பாதிச் சக்தியில் இரட்டிப்பு நீர்" என்று விற்கப்படும் சாதனம் எதற்கேனும் பணம் கொடுக்கப்போகும் நிலச்சுவான்தார், முதலில் அந்தச் சரிவருகே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம்.

கவலையின் உருளைதான் மாட்டின் பாரத்தைக் குறைத்தது என்று பலர் எண்ணுவதுண்டு. அது தவறு. ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய ஒற்றை உருளை, மேலே தூக்கும் வேலையைக் கீழே இழுக்கும் வேலையாக மாற்றுமேயன்றி, பாரத்தில் ஒரு வீசையும் குறைக்காது. அச்சு தேய்ந்து எண்ணெயின்றிக் கிறீச்சிட்டாலோ பாரம் கூடவே செய்யும். உண்மையில் உதவியது சரிவு.

35 காலன் கொள்ளும் சாலில் நீரின் நிறை 350 பவுண்டு. அதை 30 அடி உயர்த்தவேண்டுமென்று கொள்வோம். சாலின் நிறையையும் உராய்வையும் தள்ளிவிடுவோம். சமதரையில் ஒரு ஜோடி இழுத்தால் மாடொன்றுக்கு 175 பவுண்டு இழுவை. மாட்டின் நிறை 700 பவுண்டானால் இது அதில் கால் பங்கு. நாள் முழுதும் சோராமல் இழுக்கக்கூடியதோ ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். இப்பொழுது 30 அடி நடைக்கு 5 அடி தாழும் சரிவை வைத்துப் பாருங்கள். ஜோடியின் நிறையாகிய 1,400 பவுண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 233 பவுண்டு, தானாகவே வடத்தை இழுக்கிறது. மீதி 117 பவுண்டை இரண்டும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 60 பவுண்டுக்கு உட்பட்ட வேலைதான். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் பாரத்தையும் சேர்த்தது விளையாட்டுக்கு அல்ல.

அந்த 233 பவுண்டு இனாமாகக் கிடைத்ததா? இல்லை. ஒரு பவுண்டை ஓர் அடி உயர்த்தும் வேலையை ஓர் அடிப்பவுண்டு என்பர். சால் ஏற 10,500 அடிப்பவுண்டு வேண்டும். இறங்கும்போது மாடுகள் தசைவலியால் கொடுப்பது 3,500. ஆனால் அடுத்த சாலுக்குப் பின்னோக்கி ஏறித் தம் உடலை 5 அடி உயர்த்தும்போது 7,000 கொடுக்கின்றன. கூட்டினால் அதே 10,500. ஒரே மூச்சில் செய்யமுடியாத வேலையைப் போக்கிலும் வரவிலும் பங்கிட்டதே சரிவின் உபகாரம். சரிவை இன்னும் செங்குத்தாக்கி 7½ அடி தாழ்த்தினால், இறங்குகையில் மாடு இழுக்கவே வேண்டாம். ஆனால் வேலை முழுவதும் பின்னோக்கி ஏறும் பொழுதில் வந்து விழும். குளம்பு வழுக்கும், கால் கெடும்.

நீர் மேலாக நின்ற இடங்களில் இட்ட ஏற்றமும் இவ்விதமே. மரத்தின்மேல் நடந்தவர் ஒவ்வொரு முறையும் தம் உடலையே ஏற்றிக்கொண்டார். அவர் கால்வலியே நீராயிற்று.

மோட்டாருக்கும் வேறு நியாயமில்லை. ஒரு குதிரைத்திறன் என்பது நிமிஷத்திற்கு 33,000 அடிப்பவுண்டு. நஷ்டமேயில்லாத பம்பு 30 அடியிலிருந்து நிமிஷத்திற்கு 110 காலன் தரும். நீர்மட்டம் 90 அடிக்குத் தாழ்ந்தால், அதே சக்திக்குக் கிடைப்பது சுமார் 37 காலன். அனுபவத்தில் பம்பும் குழாயும் இதிலும் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆகையால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடைக்குப் போகுமுன், கோடை நீர்மட்டத்திலிருந்து நீர் வந்து விழும் வாய் வரையில் கயிறு விட்டு அளந்து, அந்த அடிக்கணக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அத்தனை அடிக்கு நிமிஷத்திற்கு எத்தனை காலன், எத்தனை குதிரைத்திறனில் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காலனைப் பத்தாலும், பின்பு அடியாலும் பெருக்கி 33,000-ஆல் வகுக்கவும். வருகிற எண் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு மேற்பட்டிருந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.