கூகுளில் உங்கள் பனியன் கம்பெனி திடீரென்று கீழே போனால்

'டி-ஷர்ட் மேனுஃபாக்சரர்ஸ் இன் திருப்பூர்' என்று தேடினால் போன மாதம் வரை உங்கள் கம்பெனி கூகுளின் முதல் பக்கத்தில் வந்தது. இந்த மாதம் மூன்றாம் பக்கத்தில்கூடக் காணோம். வெப்சைட்டில் யாரும் கை வைக்கவில்லை. விசாரணை மட்டும் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று?

காரணம் அல்காரிதம் அப்டேட்டாக இருக்கலாம். அல்காரிதம் (எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கு விதிகள்) அடிக்கடி சிறிது சிறிதாக மாறுகிறது. ஆண்டுக்குச் சில முறை பெரிதாகவே மாற்றுகிறார்கள். அந்தப் பெரிய மாற்றத்துக்கு 'கோர் அப்டேட்' என்று பெயர்.

அப்படியானால் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேனா? அப்படி இருக்க வேண்டியதில்லை. பையர் அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷன் ஆளை நினைத்துப் பாருங்கள். நேற்று வரை அளவையும் தையலையும் பார்த்தவர், இன்றிலிருந்து துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் பார்க்கிறார். உங்கள் பீஸ் அதேதான். ஆனால் பக்கத்துக் கம்பெனி பீஸ் முன்னால் போய்விடுகிறது.

தண்டனை என்பது வேறு. அதன் பெயர் 'மேனுவல் ஆக்‌ஷன்' (கூகுள் ஊழியரே பார்த்து எடுக்கும் நடவடிக்கை). 2011-இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய பல்பொருள் கடை நிறுவனம் இதில் மாட்டியது. சம்பந்தமில்லாத ஏராளமான வெப்சைட்களில் காசு கொடுத்து அந்தக் கடைக்கு லிங்க் (தேடலில் மேலே வருவதற்காக வைத்த இணைப்பு) வைத்திருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. முதலிடத்தில் இருந்த பல தேடல்களில் அந்தக் கடை சில நாட்களுக்குள் அறுபது, எழுபதாம் இடத்துக்குப் போனது.

உங்களுக்கு நடந்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியைத் திறங்கள். தண்டனை என்றால் அதிலேயே அறிவிப்பு இருக்கும்.

அறிவிப்பு இல்லையென்றால் எண்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே நாளில் பூஜ்யமானால் டொமைன் (வெப்சைட் முகவரி) புதுப்பிக்காமல் விட்டது போன்ற கோளாறாக இருக்கலாம். உங்கள் இடம் அப்படியே இருந்து, பார்ப்பவர் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் தேடுபவர்களே குறைந்திருக்கலாம். ஆர்டர் இல்லாத சீசனில் இது சகஜம். இடமே இறங்கியிருந்தால்தான் அப்டேட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? வேண்டாம். அப்டேட் ஒரே நாளில் முடிவதில்லை. 2024 மார்ச் 5-ஆம் தேதி தொடங்கிய கோர் அப்டேட் முடிய 45 நாள் ஆனது. அந்த நாட்களில் இடம் ஏறும், இறங்கும். தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் கூகுளே வெளியிடுகிறது. முடிந்து ஒரு வாரம் பொறுத்து, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு எதைத் திருத்துவது? முதலில் ஊர்ப் பக்கங்களை. 'டி-ஷர்ட் மேனுஃபாக்சரர் இன் மும்பை', 'இன் டெல்லி', 'இன் கொச்சி' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, வெப்சைட் செய்த ஏஜென்சிக்காரர்கள் நூறு பக்கம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் யூனிட் இருப்பதோ அவிநாசி ரோட்டில். இவற்றை கூகுள் வாசல் பக்கங்கள் (ஆளை இழுப்பதற்கென்றே போட்ட வெற்றுப் பக்கங்கள்) என்கிறது. இவை அதன் விதிக்கு எதிரானவை. இவற்றால் வந்த பலன் ஒரே அப்டேட்டில் போய்விடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றைத்தான் முதலில் எடுப்பேன்.

ஒரே சரக்கை ஆயிரம் பக்கமாக எழுதித் தள்ளுவதும் அப்படித்தான். இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் ஏஐ எழுதினாலும், 2024 மார்ச்சிலிருந்து கூகுள் வெளிப்படையாகவே விதிமீறலில் சேர்த்துவிட்டது.

அப்படியானால் எதை எழுதுவது? பையர் போனில் கேட்பதை எழுதுங்கள். '180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சியில் 300 பீஸ் தருவீர்களா? சாம்பிள் எத்தனை நாளில் வரும்? நிட்டிங், டையிங் சொந்தமா, ஜாப்வொர்க்கா? எவ்வளவு சுருங்கும்?' இந்த விவரம் உங்களிடம்தான் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் மேஜையில் கிடைக்காது. 'உலகத் தரம்', 'மலிவு விலை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை வைத்து கூகுளும் உங்களைப் பிரித்தறிய முடியாது, பையரும் முடியாது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானபோது புது நாடுகளில் பையரைத் தேட வேண்டிய நிலை நமக்கு வந்தது. உங்களை அறியாத ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்றால், அவர் முடிவெடுக்க இந்த விவரம்தான் கையில் இருக்கும்.

இந்த விவரங்களைப் படமாகப் போடாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள். கோட்ஸ் (ஆர்கானிக் துணிகளுக்கான சர்வதேசத் தரச்சான்று) போன்ற சான்றிதழ் இருந்தால் அதன் எண்ணையும் கொடுங்கள். படங்கள் உங்கள் தையல் ஹாலில் எடுத்தவையாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் கேட்டலாக் கூகுளின் கண்ணில் படவே படாது.

போனில் எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள். 2015 ஏப்ரல் 21 முதல், போனில் தேடுபவர்களுக்கு, போனில் சரியாகத் திறக்காத பக்கங்களை கூகுள் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. இன்று அது உங்கள் வெப்சைட்டைப் போனில் தெரியும் வடிவத்திலேயே படித்து மதிப்பிடுகிறது.

திருத்தினால் இடம் எப்போது திரும்பும்? சில மாற்றங்களுக்கு ஒரு சில நாளில் பலன் தெரியும். சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்கவும் நேரலாம். பழைய இடமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

'முதலிடம் கேரண்டி' என்று ஒருவர் வந்தால்? அனுப்பிவிடுங்கள். அப்படி உறுதி தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. 'மாதம் 500 லிங்க்' என்ற பேச்சுக்கும் அதே பதில்தான். 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் அப்டேட் இப்படிப்பட்ட லிங்க்குகளுக்கு எதிராகவே வந்தது. இன்று கூகுள் அவற்றைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கொடுத்த பணம் போனதுதான்.

இன்னொன்றை இன்றைக்கே சரிபாருங்கள்: டொமைனும் சர்ச் கன்சோலும் யார் பெயரில் இருக்கின்றன? வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவரோடு கணக்கு முடிக்கும் முன்பே இரண்டையும் கம்பெனியின் மெயில் ஐடிக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.